பள்ளிக் கணினிக்கு எந்த இயக்க அமைப்பு, எந்த உலாவி?

விண்டோஸ் 10 இயக்க அமைப்புக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. நம் பள்ளி அலுவலகங்களிலும் ஆசிரியர்களின் வீடுகளிலும் உள்ள கணினிகளில் பல இன்றும் அதே விண்டோஸ் 10இல்தான் ஓடுகின்றன. அக்டோபர் 15ஆம் தேதி காலையில் அவை வழக்கம்போலவே இயங்கின. திரையில் எந்த மாற்றமும் இல்லை. அதனால்தான் இந்த மாற்றம் பலர் கண்ணில் படாமலே போனது.

இயங்குகிறது என்பது வேறு, பாதுகாப்பாக இருக்கிறது என்பது வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு, அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்ற இயக்க அமைப்பையும் உலாவியையும் நாமே தேர்ந்தெடுக்க உதவுவது இக்கட்டுரையின் நோக்கம். கணினி ஆசிரியர் இல்லாத தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டுள்ளது.

இதைப் படித்து முடிக்கும்போது,

• ஓர் இயக்க அமைப்பு பாதுகாப்பானதா என்பதை நான்கு கேள்விகளால் எடைபோட முடியும்.
• கைவசம் உள்ள பழைய கணினிக்கு எந்த வழி பொருந்தும் என முடிவெடுக்க முடியும்.
• உலாவியைத் தேர்ந்தெடுக்கவும், பலர் பயன்படுத்தும் கணினியில் அதைச் சரியாகக் கையாளவும் முடியும்.
• இவற்றை மாணவர்களுக்கு ஒரு பாடவேளையில் செயல்பாடாக நடத்த முடியும்.

எதைக் காக்கிறோம்?

பாதுகாப்பு பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது, நம் கணினியில் திருடத் தகுந்தது என்ன இருக்கிறது என்பதே. ‘எங்கள் பள்ளிக் கணினியில் அப்படி என்ன ரகசியம் இருக்கிறது?’ என்று பலர் நினைப்பதுண்டு. ஒரு நிமிடம் பட்டியலிட்டுப் பார்ப்போம்.

எமிஸ் தளத்தில் பதிவேற்ற வைத்திருக்கும் மாணவர் விவரங்கள். பிறந்த தேதி, சாதி, ஆதார் எண், பெற்றோரின் கைப்பேசி எண், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எண். மாற்றுச் சான்றிதழ்களின் நகல்கள். ஆசிரியர்களின் சம்பளப் பட்டியல், வருமான வரிக் கணக்கீட்டுத் தாள்கள். பள்ளி மின்னஞ்சலின் கடவுச்சொல். மதிய இடைவேளையில் யாரோ ஒருவர் தம் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த தடம். இவை அனைத்தும் ஒரே கணினியில், பெரும்பாலும் ‘டெஸ்க்டாப்’ திரையிலேயே கிடக்கின்றன.

இவற்றில் பெரும்பகுதி குழந்தைகளின் விவரங்கள். 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என வரையறுத்து, அவர்களின் தரவுகளுக்குக் கூடுதல் கவனம் தருகிறது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், நம்மை நம்பித்தான் பெற்றோர் அந்த எண்களை எழுதிக் கொடுத்தார்கள். தன் கைப்பேசி எண்ணும் குழந்தையின் பெயரும் வகுப்பும் தெரிந்த ஒருவர், ‘உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்’ என்று அழைத்தால், அந்தத் தாய் ஏமாறாமல் இருப்பது கடினம். பள்ளிக் கணினியிலிருந்து கசியும் தகவல் இப்படித்தான் ஒரு வீட்டின் பணமாக மாறுகிறது.

ஓட்டை எப்படி ஆபத்தாகிறது?

இயக்க அமைப்பு என்பது பல கோடி வரிகள் கொண்ட நிரல். அத்தனை வரிகளிலும் பிழையே இல்லாமல் எழுத எவராலும் முடியாது. கண்டுபிடிக்கப்படும் பிழைகளில் சில, வெளியாள் உள்ளே நுழையும் ஓட்டைகளாக இருக்கும். தயாரிப்பாளர் அந்த ஓட்டையை அடைத்து அனுப்புவதே பாதுகாப்புப் புதுப்பிப்பு. நாம் ‘அப்டேட்’ என்று சொல்வது இதைத்தான்.

இதற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட சான்று, 2017இல் பரவிய வான்னக்ரை என்ற பணயத் தீநிரல். விண்டோஸ் கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிரும் பகுதியில் இருந்த ஓர் ஓட்டையை மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்று அடைத்துப் புதுப்பிப்பை வெளியிட்டது. மே 12 அன்று, அதாவது 59 நாட்கள் கழித்து, அதே ஓட்டை வழியாக வான்னக்ரை பரவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. கோப்புகள் பூட்டப்பட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டுத் திரையில் அறிவிப்பு வந்தது. பிரிட்டனின் தேசிய நலவாழ்வுச் சேவை மருத்துவமனைகளில் ஏறத்தாழ 19,000 நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாகியிருக்கக் கூடும் என அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் மதிப்பிட்டது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போது விண்டோஸ் 7க்கு ஆதரவு இருந்தது. தடுப்பு கையில் இருந்தும் போடப்படவில்லை. இரண்டாவது, யாரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கணினிக்குள் நுழைந்த நிரல், அதே வலையமைப்பில் இருந்த அடுத்த கணினிக்குத் தானாகவே தாவியது. ‘நான் தேவையில்லாததைத் திறக்கவே மாட்டேன்’ என்ற எச்சரிக்கை நல்லதே. ஆனால் அது மட்டும் போதாது.

ஒரு புதுப்பிப்பு வெளியானதும், எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்பதை மற்றவர்களும் ஆராய்ந்து தெரிந்துகொள்ளலாம். ஆதரவு நின்றுபோன அமைப்பில் அதே ஓட்டை இருந்தால், அது என்றென்றைக்கும் திறந்தே இருக்கும். விண்டோஸ் 10இன் இன்றைய நிலை இதுதான்.

எடைபோட நான்கு கேள்விகள்

‘விண்டோஸ் நல்லதா, லினக்ஸ் நல்லதா, மேக் நல்லதா?’ என்று பெயரை வைத்துக் கேட்டால் விவாதம் முடிவதில்லை. எந்த அமைப்பாக இருந்தாலும் கீழ்க்காணும் நான்கு கேள்விகளைக் கேட்டால் விடை தெளிவாகும்.

1. இதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்தத் தேதி வரை வரும்? வருவது தானாக நிறுவப்படுகிறதா?

2. அன்றாட வேலை செய்பவர் எந்த உரிமையுடன் நுழைகிறார்? விண்டோஸில் முதலில் உருவாக்கப்படும் கணக்கு நிர்வாகிக் கணக்கு. அதிலேயே எல்லா வேலையும் செய்தால், நாம் தவறுதலாக இயக்கும் தீநிரலுக்கும் நிர்வாகியின் அதிகாரம் எளிதில் கிடைத்துவிடுகிறது. தலைமையாசிரியர் அறைச் சாவியையும் வகுப்பறைச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து எல்லாரிடமும் கொடுப்பது போன்றது இது.

3. மென்பொருள் எங்கிருந்து வருகிறது? தேடுபொறியில் முதலில் வந்த பக்கத்திலிருந்து பதிவிறக்குகிறோமா, அல்லது சரிபார்க்கப்பட்ட ஒரே களஞ்சியத்திலிருந்து பெறுகிறோமா?

4. கணினி தொலைந்தால் அல்லது கெட்டால் என்னவாகும்? வட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா? கோப்புகளின் நகல் வேறிடத்தில் இருக்கிறதா?

இரண்டாவது, நான்காவது கேள்விகளுக்கான விடை, வாங்கும் பொருளில் இல்லை. அமைத்துக்கொள்ளும் முறையில் இருக்கிறது. பழக்கப்பட்ட அதே விண்டோஸை, சாதாரணப் பயனர் கணக்கில் நுழைந்து பயன்படுத்தினாலே ஆபத்தில் ஒரு பகுதி குறைந்துவிடும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

கைவசம் உள்ள வழிகள்

விண்டோஸ் 11. இதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம் ஆகியவை வேண்டும். இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். எனவே 2018க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை இதற்குத் தகுதி பெறுவதில்லை. தகுதி பெறும் கணினி என்றால், முறையான விண்டோஸ் 10 உரிமம் உள்ளவர்களுக்கு இந்த மாற்றம் இலவசம். விண்டோஸ் 11 வந்துவிட்டால் அத்துடன் வேலை முடிந்ததாகவும் கருத வேண்டாம். அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் வீட்டுப் பயன்பாட்டு வகையில் 24 மாதங்கள் மட்டுமே ஆதரவு. அடுத்தடுத்த பதிப்புக்கு மாறிக்கொண்டே வர வேண்டும்.

நீட்டிக்கப்பட்ட புதுப்பிப்பு. விண்டோஸ் 10இலேயே சிறிது காலம் தொடர விரும்புவோருக்கு மைக்ரோசாப்ட் ஒரு திட்டம் வைத்துள்ளது. தனிநபர் கணினிகளுக்கு இது 2026 அக்டோபர் வரை. கல்வி நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2 டாலர், மூன்றாம் ஆண்டு 4 டாலர் என அந்நிறுவனம் அறிவித்தது. இது நிரந்தரத் தீர்வு ஆகாது. மாறுவதற்கான அவகாசம் மட்டுமே.

லினக்ஸ். 1991இல் பின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் கரு இது. இதன் மேல் கட்டப்பட்ட உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. உபுண்டு 24.04, லினக்ஸ் மின்ட் 22 ஆகியவற்றுக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. லினக்ஸ் மின்ட் குறைந்தது 2 ஜி.பி. நினைவகத்தில் ஓடும், 4 ஜி.பி. இருந்தால் வசதியாக இருக்கும். மென்பொருள்கள் சரிபார்க்கப்பட்ட களஞ்சியத்திலிருந்து வருவதால் மூன்றாவது கேள்விக்கும், நிர்வாக வேலைகளுக்கு ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்பதால் இரண்டாவது கேள்விக்கும் இதில் இயல்பாகவே நல்ல விடை கிடைக்கிறது.

லினக்ஸ் நமக்குப் புதியதும் அல்ல. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்ற லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய இயக்க அமைப்பு அது. அண்டை மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் தகவல் தொழில்நுட்பப் பாடம், உபுண்டு அடிப்படையில் ‘கைட்’ அமைப்பு தயாரித்த லினக்ஸில் நடக்கிறது. நம் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் விண்டோஸுடன் உபுண்டு இடம்பெற்றுள்ளது.

ஓர் எச்சரிக்கை. உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகள் போன்று துறையின் மையப் பராமரிப்பில் உள்ளவற்றில் நாமாக எதையும் மாற்றக் கூடாது. மற்றப் பள்ளிக் கணினிகளிலும் தலைமையாசிரியரின் ஒப்புதல் பெற்று, கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டிய வழி

உரிமம் இல்லாத விண்டோஸை நிறுவி, ‘ஆக்டிவேட்டர்’ என்ற சிறு நிரலால் அதைச் செயல்படுத்திக் கொடுக்கும் பழக்கம் பல ஊர்களில் உள்ளது. இந்த நிரல்களை இயக்கும்முன் வைரஸ் தடுப்பை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். அதாவது, யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரலுக்கு, காவலாளியை அனுப்பிவிட்டு, நிர்வாகி அதிகாரத்தையும் கையில் கொடுக்கிறோம். அது வேறு என்னவெல்லாம் செய்தது என்பதை நம்மால் அறிய முடியாது. சட்டப்படியும் தவறு, பாதுகாப்புப்படியும் தவறு. பணம் இல்லை என்பதுதான் காரணம் என்றால், இலவசமாகவும் முறையாகவும் கிடைக்கும் லினக்ஸ் இருக்கிறது.

லினக்ஸில் வைரஸ் வராதா?

இப்படி ஒரு நம்பிக்கை பரவலாக உள்ளது. அது முழு உண்மை அல்ல. மேசைக் கணினிகளில் விண்டோஸே அதிகம் என்பதால் தீநிரல் எழுதுவோரின் குறியும் பெரும்பாலும் அதுவே. பென்டிரைவ் வழியே பரவும் ‘ஷார்ட்கட் வைரஸ்’ லினக்ஸில் ஓடாது. ஆனால் அந்தக் கோப்பு பென்டிரைவிலேயே இருந்து அடுத்த விண்டோஸ் கணினிக்குப் போகும். மாதிரி வினாத்தாளை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போய்த் திரும்பும் பென்டிரைவ், நம் பள்ளிகளில் நோய் பரவும் முக்கியப் பாதை என்பதை மறக்க வேண்டாம்.

லினக்ஸும் தாக்கப்பட்டிருக்கிறது. பல லினக்ஸ் வகைகளில் பயன்படும் ‘எக்ஸ்இசட்’ என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில், அதன் பராமரிப்பில் நம்பிக்கை பெற்று நுழைந்த ஒருவர் ரகசியக் கதவு ஒன்றை வைத்திருந்தது 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, காரணத்தைத் தேடிச் சென்று அதைக் கண்டுபிடித்தார். பரவலான நிலைப்பதிப்புகளுக்குப் போகும்முன் அது நிறுத்தப்பட்டது.

இந்நிகழ்வு இரண்டு பக்கமும் பேசுகிறது. நிரல் எல்லாருக்கும் திறந்திருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. ஆனால் திறந்திருந்ததால்தான் ஒரு தனிமனிதரால் உள்ளே சென்று பார்க்கவும் உலகுக்குக் காட்டவும் முடிந்தது. எந்த அமைப்பிலும் புதுப்பிப்பு தேவை என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

உலாவியைத் தேர்ந்தெடுத்தல்

இன்று ஆசிரியரின் கணினி வேலையில் பெரும்பகுதி உலாவிக்குள்ளேயே நடக்கிறது. எமிஸ், மின்னஞ்சல், பயிற்சி வகுப்புகள், வங்கி எல்லாம் அதன் வழியேதான். எனவே வெளியுலகின் அழுக்கு முதலில் வந்து படுவதும் உலாவியில்தான்.

பெயர்கள் பல இருந்தாலும் உள்ளே இருக்கும் பொறிகள் சிலவே. குரோம், எட்ஜ், பிரேவ், ஓப்பரா ஆகியவை குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை. ஃபயர்பாக்ஸ் தனிப் பொறி கொண்டது. ஆப்பிளின் சஃபாரி மற்றொன்று. பாதுகாப்பு நோக்கில் குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றுமே அன்றாட வேலைக்கு ஏற்றவை. ஒவ்வொரு வலைத்தளத்தையும் தனித்தனி அறையில் அடைத்து இயக்கும் முறை இவற்றில் உள்ளது. ஒரு தளத்தில் உள்ள கெட்ட நிரல், பக்கத்துத் தாவலில் திறந்திருக்கும் வங்கிக் கணக்கை எட்டிப் பார்க்க முடியாதபடி தடுப்பதே இதன் பயன்.

வேறுபாடு தனியுரிமையில் வருகிறது. குரோமைத் தயாரிக்கும் கூகுளின் முதன்மை வருமானம் விளம்பரம். ஃபயர்பாக்ஸின் பின்னால் இருப்பது மொசில்லா என்ற லாப நோக்கற்ற அறக்கட்டளை. பின்தொடரும் விளம்பர நிரல்களைத் தடுப்பது ஃபயர்பாக்ஸில் இயல்பாகவே இயங்குகிறது. விளம்பரங்களைத் தடுக்கும் ‘யூபிளாக் ஆரிஜின்’ என்ற நீட்சியின் முழு வடிவமும் அதில் தொடர்ந்து வேலை செய்கிறது. குரோமில் விதிகள் மாறியதால் அந்த முழு வடிவம் நிறுத்தப்பட்டது. போலிப் ‘பதிவிறக்கு’ பொத்தான்கள் விளம்பரங்களாகவே வருவதால், விளம்பரத் தடுப்பு என்பது பாதுகாப்பும் ஆகும். ஒரே கணினியில் இரண்டு உலாவிகளை வைத்து, அலுவல் வேலைக்கு ஒன்று, பொதுத் தேடலுக்கு மற்றொன்று எனப் பிரித்துக்கொள்வதும் நல்ல வழக்கம்.

உலாவியிலும் முதல் கேள்வி புதுப்பிப்புதான். 2023 ஆகஸ்ட் முதல் குரோமுக்கு வாரந்தோறும் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருகிறது. பின்னணியில் இறங்கிவிட்டாலும், உலாவியை மூடித் திறந்தால்தான் அது செயலுக்கு வரும். நாட்கணக்கில் மூடாமலே வைத்திருக்கும் உலாவி பழைய பதிப்பிலேயே இருக்கும். விண்டோஸ் 7 கணினிகளில் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றது. அதை இனி எதற்கும் திறக்க வேண்டாம்.

நீட்சிகள். உலாவியில் சேர்க்கும் சிறு நீட்சிகளில் பல, ‘நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி கேட்கும். இதற்கு ‘சரி’ சொன்னால், கடவுச்சொல் தட்டும் பக்கமும் அதில் அடங்கும். ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற பிரபலமான நீட்சி, 2020இல் வேறொருவர் கைக்கு மாறியபின் தீநிரலாகிவிட்டது எனக் கண்டறிந்து, 2021 பிப்ரவரியில் கூகுள் அதை முடக்கியது. அதை நிறுவியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. நிறுவியபின் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். எனவே தேவைப்படும் ஒன்றிரண்டு நீட்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை நீக்கிவிடலாம்.

பூட்டுப் படம். ‘முகவரிக்கு அருகில் பூட்டு இருந்தால் அது நல்ல தளம்’ என்று நாமே மாணவர்களுக்குச் சொல்லித் தந்திருப்போம். பூட்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான். நமக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது. அந்தத் தளத்தை நடத்துபவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. ஏமாற்றுத் தளங்களும் இலவசச் சான்றிதழ் பெற்றுப் பூட்டுடன் வருகின்றன. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே குரோம் 2023 செப்டம்பரில் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு குறியீட்டை வைத்தது. பார்க்க வேண்டியது முகவரியைத்தான். முதல் சாய்கோட்டுக்குச் சற்றுமுன் உள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ‘டிஎன்ஸ்கூல்ஸ்.ஜிஓவி.இன்’ என்பது அரசுத் தளம். ‘டிஎன்ஸ்கூல்ஸ்-ஜிஓவி-இன்.காம்’ என்று ஒன்று வந்தால், அது ‘.காம்’ என முடியும் வேறொருவரின் தளம். புள்ளிக்குப் பதில் சிறுகோடு இருப்பதே அடையாளம்.

பலர் பயன்படுத்தும் கணினியில்

பள்ளிக் கணினி ஒருவருக்கு உரியது அல்ல. அதனால் சில கூடுதல் பழக்கங்கள் வேண்டும்.

• நிர்வாகிக் கணக்கு ஒன்று, அதன் கடவுச்சொல் தலைமையாசிரியரிடம். அலுவல் வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கு. மாணவர்களுக்குத் தனிக் கணக்கு.
• ‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா?’ என்று உலாவி கேட்டால், பொதுக் கணினியில் எப்போதும் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். சேமித்த கடவுச்சொற்களை உலாவி அமைப்புகளில் எவரும் பார்க்க வாய்ப்புண்டு. ஏற்கெனவே சேமித்தவை இருந்தால் இன்றே நீக்கலாம்.
• சொந்த மின்னஞ்சலை அவசரத்துக்குத் திறக்க நேர்ந்தால் தனிப்பட்ட சாளரத்தைப் பயன்படுத்தலாம். மூடியதும் அந்தக் கணினியில் தடம் இருக்காது. ஆனால் இணைய நிறுவனமோ, நாம் சென்ற தளமோ அறியாதபடி அது மறைத்துவிடாது.
• மாணவர் விவரக் கோப்புகளை டெஸ்க்டாப்பில் போடாமல், அலுவல் கணக்கின் கோப்புறையில் மட்டும் வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு வெளிவட்டில் நகலெடுத்து, அந்த வட்டைக் கழற்றி வைக்க வேண்டும். இணைத்தே வைத்திருந்தால் பணயத் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

கைப்பேசிக்கும் இதே கேள்விகள் பொருந்தும். வருகைப்பதிவை இன்று கைப்பேசிச் செயலியில்தான் செய்கிறோம். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் ‘செக்யூரிட்டி பேட்ச்’ தேதியைப் பாருங்கள். அது ஓராண்டுக்கும் மேல் பழையது என்றால், அந்தக் கைப்பேசியில் வங்கிச் செயலி வைத்திருப்பதை மறுபரிசீலனை செய்யலாம். புதிது வாங்கும்போது கேமராவைப் பற்றிக் கேட்பதுபோல, எத்தனை ஆண்டு புதுப்பிப்பு என்றும் கேட்க வேண்டும். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 ஆகியவை ஏழு ஆண்டுகள் என்ற உறுதியோடு வந்தன. விலை குறைந்தவற்றில் இது பெரிதும் வேறுபடும்.

மாறும்போது நமக்கே உரிய சிக்கல்

லினக்ஸுக்கு மாறத் தயங்கும் பலர் சொல்லும் காரணம் தமிழ்த் தட்டச்சு. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை உண்டு. சிக்கல் பழைய கோப்புகளில்தான் இருக்கிறது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாள்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குறியீடுகளாகவே தெரியும். இது லினக்ஸின் குறை அல்ல. புதிய விண்டோஸ் கணினியிலும் இதுவே நடக்கும். மாறுவதற்கு முன் முக்கியக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. இதற்கான மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாணவர் விவரம் உள்ள கோப்புகளை மட்டும் இணைய மாற்றிகளில் ஒட்டாதீர்கள்.

அச்சுப்பொறி, வருடி, மின்கையொப்பக் கருவி ஆகியவை வேலை செய்கின்றனவா என முன்கூட்டியே சோதிக்க வேண்டும். அதற்கு எளிய வழி உண்டு. 8 ஜி.பி. பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, கணினியில் எதையும் மாற்றாமல் அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். ஒரு நாள் முழுக்க எமிஸ் வேலை, அச்சு, தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம். பென்டிரைவிலிருந்து ஓடும்போது சற்று மெதுவாக இருக்கும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, ஒரு நடுநிலைப் பள்ளியில் மூன்று கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். முதலாவது 2021இல் வாங்கியது, பத்தாம் தலைமுறைச் செயலி, 8 ஜி.பி. இதற்கு விண்டோஸ் 11. அலுவல் வேலையும் மாணவர் விவரங்களும் இதில் மட்டும். இரண்டாவது 2016ஐச் சேர்ந்தது, ஆறாம் தலைமுறை, 4 ஜி.பி. இதற்கு லினக்ஸ் மின்ட். மாணவர் பயன்பாட்டுக்கும் பாடத் தேடலுக்கும் போதுமானது. மூன்றாவது 2 ஜி.பி. நினைவகமும் விண்டோஸ் 7உம் கொண்டது. லினக்ஸை ஏற்றிப் பார்த்தும் சிரமப்பட்டால், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தட்டச்சுப் பயிற்சிக்கு மட்டும் வைக்கலாம். மூன்று கணினிக்கும் மூன்று விடை. இதில் எதுவும் புதிய கணினி கேட்கவில்லை.

வகுப்பறைச் செயல்பாடு

வகுப்பு: 8 முதல் 11 வரை. நேரம்: ஒரு பாடவேளை.

செயல்பாடு 1: மாணவர்களை நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கவும். ஒவ்வொரு குழுவும் வீட்டில் அல்லது பள்ளியில் உள்ள ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து ‘கருவி நலக் குறிப்பேடு’ தயாரிக்க வேண்டும். தலைப்புகள்: இயக்க அமைப்பின் பெயரும் பதிப்பும், கடைசியாகப் புதுப்பித்த தேதி, ஆதரவு முடியும் தேதி, பயன்படுத்துவோர் எத்தனை பேர், உலாவியும் அதில் உள்ள நீட்சிகளும். கடவுச்சொல், தொலைபேசி எண் போன்ற எதையும் எழுதக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடவும். முடிவில் ஒவ்வொரு குழுவும் ஒரு பரிந்துரையும் அதற்கான காரணமும் கூற வேண்டும்.

செயல்பாடு 2: கரும்பலகையில் ஆறு வலைமுகவரிகளை எழுதவும். மூன்று உண்மையான அரசு, வங்கி முகவரிகள். மூன்று ஆசிரியரே மாற்றி எழுதிய போலிகள். எது யாருடையது என்பதை வலமிருந்து இடமாகப் படித்துச் சொல்லச் செய்யவும். வீட்டுக்குச் சென்று இதைத் தம் பெற்றோர் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து, மறுநாள் வகுப்பில் பகிர்ந்துகொள்ளச் சொல்லலாம். குறுஞ்செய்தியில் வரும் இணைப்புகளை அதிகம் எதிர்கொள்பவர்கள் பெற்றோரே.

மதிப்பீட்டு வினாக்கள்

1. வான்னக்ரை பரவியபோது தடுப்புப் புதுப்பிப்பு ஏற்கெனவே இருந்தது. இருந்தும் பாதிப்பு ஏற்பட்டது ஏன்?
2. நிர்வாகிக் கணக்கில் அன்றாட வேலை செய்வதால் வரும் ஆபத்தை ஓர் உவமையுடன் விளக்குக.
3. ‘லினக்ஸ் என்றால் பாதுகாப்பு’ என்ற கூற்றை எக்ஸ்இசட் நிகழ்வைக் கொண்டு ஆராய்க.
4. பூட்டுப் படம் உள்ள தளம் நம்பத் தகுந்தது ஆகுமா? காரணம் கூறுக.

இந்த வாரமே தொடங்க விரும்பும் ஆசிரியர்கள், அலுவலகக் கணினியில் மூன்று வேலைகளைச் செய்யலாம். அமைப்புகளில் விண்டோஸ் பதிப்பைப் பார்த்துக் குறித்துக்கொள்வது, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை நீக்குவது, ஒரு சாதாரணப் பயனர் கணக்கை உருவாக்குவது. மூன்றுக்கும் சேர்த்து அரைமணி நேரம் போதும். எவரேனும் பணம் இழந்துவிட்டதாகத் தெரிந்தால், நேரம் கடத்தாமல் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ, பணம் கைமாறும் முன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. அந்த எண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைக்கலாம்.